இருபத்து மூன்றாவது போர்ட்

அத்தியாயம் 6

சாமுவேல் அழுதிருந்தால் வினோத்குமாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் அழவில்லை. இளவரசி துப்பறியும் நிலையத்தில் வாடிக்கையாளருக்கென்று இருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு கால் குட்டையான அந்த நாற்காலியில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் ஆடாமல் உட்கார்ந்த முதல் மனிதன் அவன்தான். வினோத் ஒன்றரை வருடமாக முயன்று தோற்ற விஷயம் அது.

‘இதிலுமா?’ என்று வினோத் மனசுக்குள் பல்லைக் கடித்தான்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். உத்திரமேரூர் பஜார் தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. காணாமல் போன பம்ப்செட் மோட்டார், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் யோக்கியதை, இந்த மாதிரி வழக்குகள்தான் படியேறி வரும். இளவரசிக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு, பார்வை அதிகம். அவளுடைய உதவியாளன், பெருநகர் கிராமத்து வினோத்குமாருக்கு இருபத்தைந்து. அவனுக்கு எல்லாம் தலைகீழ்.

“இனிமே திருடன் ஓட்டப் பிரிச்சிக்கினு வர மாட்டான்டா. ஒயர்ல வருவான். போயி கத்துக்கினு வா,” என்று மூன்று மாதத்துக்கு முன்பு அவனை எதிர் மாடியில் இருக்கும் ராஜாராம் நெட்வொர்க் பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். எட்டு நாள் வகுப்பில் அவன்தான் ராஜா. ஒன்பதாம் நாள், நடவு வேலை முடித்துவிட்டுத் தென்னேரியிலிருந்து பஸ் மாறி சாமுவேல் வந்து சேர்ந்தான். வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயர், அதாவது கடைசி. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றிலும் முதல்.

நெட்வொர்க் ஒயரின் முனையில் கண்ணாடி போல ஒரு கிளிப்பை மாட்டி நசுக்க வேண்டும். உள்ளே எட்டு வண்ண இழைகள், வரிசை மாறக் கூடாது. சாமுவேல் இதை ஒன்றரை நிமிடத்தில் முடிப்பான். நாற்று முடி கட்டிய கை, அதான் இந்த வேகம் என்று ராஜாராம் சார் எல்லார் முன்னாலும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். வினோத்துக்குப் பதினோரு நிமிடமும் ஒரு விரலும் செலவாகும். முடிந்த பிறகும் ஒயரின் வெளித்தோல் கிளிப்புக்குள் போயிருக்காது. எட்டு இழைகளும் சட்டை போடாத பிள்ளைகள் மாதிரி வெளியே நிற்கும்.

“மூணு செவ்வாக்கெயமையும் இதே பேஜாரு மேடம்,” என்றான் சாமுவேல். “பிராக்டிகல் டெஸ்ட்டு. ஒவ்வொருத்தரா லேபுக்குள்ள போவணும். ஆளுக்கு இருவது நிமிசம். ஒயர அடிச்சி, மிஷின்ல சொருவி, அட்ரஸ் வாங்கி, சர்வர் பக்கத்த தொறந்து காட்டணும். மத்த பதினோரு பேருக்கும் தொறக்குது. எனக்கு மட்டும் தொறக்கல. அட்ரஸே தப்பா வருது.”

“சார் இன்னா சொல்றாரு?”

“சாப்புட்டு வந்து அதே மிஷின்ல பாக்கறாரு. நல்லா ஓடுது. நானே கையால தப்பு அட்ரஸ் போட்டுட்டு மிஷின் மேல பழி போடறேனாம்.” ஒரு விநாடி நிறுத்தினான். “ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு இன்னிக்கி மூணு மணிக்குள்ள ஒரே ஒரு பேரு அனுப்பணும். மார்க்குல நான்தான் மொதல்ல கீறேன். ஆனா டூப்பு உடறவன் பேர அனுப்ப மாட்டேன்றாரு. அந்த வேல கெடச்சா அடுத்த போகத்துக்கு எங்கம்மா சேத்துல எறங்க வேணாம் மேடம்.”

“உன்ன வுட்டா அடுத்த பேரு யாரு?”

சாமுவேல் வினோத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குத்தல் எதுவும் இல்லை. அதுவே வினோத்துக்குக் குத்தியது.

“அண்ணன்தான் மேடம்.”

இளவரசி மெதுவாகத் திரும்பினாள். “அப்போ இந்தக் கேசு தோத்தா உனக்கு வேல கெடைக்கும்.”

“யக்கா, கடமைன்னு வந்துட்டா இந்த வினோத்து...”

“செருப்பப் போடு. கெளம்பலாம்.”

*

ராஜாராம் சாரின் சட்டைப்பையில் எப்போதும் மூன்று மார்க்கர் இருக்கும். அவற்றில் இரண்டு எழுதாது. பாடப் புத்தகம் யாராவது எடுத்து வந்தால் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். ‘இங்க யாரும் படிக்க வேணாம், கைய வெச்சா போதும்’ என்பது அவர் கொள்கை. பீரோ நிறைய புத்தகம்.

“நம்ம ஊரு இன்னா ஊரு மேடம்?” என்றார். “யாரு யாரு பேரெல்லாம் குடத்துல போடக் கூடாதுன்னு ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே கல்லுல வெட்டி வெச்ச ஊரு. இங்கருந்து ஒரு பேரு போனா அது சுத்தமா போவணும். மூணு மணி வரைக்கும் டைம் தர்றேன். நிரூபிச்சிட்டா சாமுவேலு. இல்லேன்னா...” எழுதாத மார்க்கரால் சுட்டிக் காட்டினார். “நம்ம வினோத்து. சுமார்தான். ஆனா நேர்மையானவன்.”

வினோத்தின் காதில் ‘சுமார்’ மட்டும்தான் விழுந்தது.

இளவரசி சாமுவேலை அந்த மிஷின் முன்னால் உட்கார வைத்து, முழு டெஸ்ட்டையும் முதலிலிருந்து செய்யச் சொன்னாள். மணி பன்னிரண்டு. ஒயரை அடித்தான், சொருகினான், அட்ரஸ் வாங்கினான். ஒன்பதாவது நிமிடம் சர்வர் பக்கம் பளிச்சென்று திறந்தது.

வினோத்துக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியாக்கா? டிடெக்டிவ் பக்கத்துல நின்னா மிஷினுக்கு பயம் வந்துடுச்சி. இல்லேன்னா இவனுக்கு வந்துடுச்சி.”

இளவரசி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “டெஸ்ட்டு எத்தினி மணிக்கு ஆரம்பிக்கும்?”

“ஒம்பதரைக்கு மேடம்.”

“ஆளுக்கு இருவது நிமிசம். உனக்கு முன்னாடி பதினோரு பேரு.” விரல் விட்டு எண்ணினாள். “நீ உள்ள போறப்ப மணி ஒண்ணு பத்து. ஒரு மணிக்கு மேல உள்ள போனவன் இந்த கிளாஸ்லயே நீ ஒருத்தன்தான்.”

சாமுவேல் விழித்தான்.

“அட்ரஸ் உன்னப் பாத்து மாறலப்பா. கடியாரத்தப் பாத்து மாறுது.”

“மிஷினுக்கும் ஒரு மணிக்குப் பசிக்குதோ இன்னாவோ,” என்றான் வினோத். சாமுவேல் வாய்விட்டு, மனசாரச் சிரித்தான். ஒழுங்காக எரிச்சல்படக்கூட விட மாட்டேன் என்கிறானே என்று வினோத்துக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஒரு மணிக்கு ராஜாராம் சார் சாப்பிடப் போனார். ஒன்று பத்துக்குச் சாமுவேல் மறுபடி உட்கார்ந்தான். அதே மிஷின், அதே ஒயர், அதே விரல்கள். இந்தத் தடவை சர்வர் பக்கம் திறக்கவில்லை.

“பாருங்க மேடம். லேப் அட்ரஸ் எல்லாம் பத்துல ஆரம்பிக்கும். இது நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுல ஆரம்பிக்குது.”

“இன்னா அர்த்தம்?”

“நெல்லு கொள்முதல் பண்ற எடத்துல டோக்கன் குடுப்பாங்க இல்ல மேடம்? அந்த மாதிரி, மிஷினு ஒயர்ல வந்த ஒடனே ‘எனக்கு ஒரு டோக்கன் குடுங்க’ன்னு சத்தம் போட்டு கேக்கும். யாரு மொதல்ல நீட்டறாங்களோ அவுங்க டோக்கன வாங்கிக்கும். ஆளப் பாக்காது. நம்ம லேப் ரவுட்டர்தான் டோக்கன் குடுக்கணும். ஆனா அது பழசு, கையி நீளறதுக்குள்ள வேற எவனோ நீட்டிட்றான். அவன் குடுக்கற டோக்கன எடுத்துக்கினு போனா, நம்ம சர்வர் கேட்டு தொறக்காது.”

“அந்த எவனோ யாரு?”

“டோக்கன்லயே அவன் விலாசம் கீது மேடம்.” சாமுவேலின் விரல்கள் விசைகளில் ஓடின. “ஒவ்வொரு டப்பாவுக்கும் வண்டி சேஸ் நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. இதோ, இதான் அவன் நம்பர். எல்லா ஒயரும் வந்து சேர்ற டப்பா ஸ்விட்ச்சு. இத வெச்சி அந்த ஸ்விட்ச்ச கேட்டா, எந்த போர்ட்ல, அதான் எந்த ஓட்டையில இருந்து வர்றான்னு சொல்லிடும். ஆனா டெஸ்ட்டுல ஸ்விட்ச்ச தொடக் கூடாது. அதான் இத்தினி நாளா பாக்க முடியல.”

“நான் சொல்றேன். தொடு.” இளவரசி அவன் தோளில் தட்டினாள். “இந்த மாதிரி ஒரு மூள எங்க ஆபீஸ்ல கீதாப்பா?”

அந்தத் தட்டலின் ஓசை வினோத்தின் அடிவயிறு வரை இறங்கியது. ஒன்றரை வருடத்தில் அவள் அவனைப் பாராட்டியது ஒரே ஒரு முறை. அதுவும் டீ சூடாக இருந்ததற்கு. இங்கே வந்து இரண்டு மணி நேரமாகவில்லை, இவனுக்குத் தோளில் தட்டு.

“இருவத்தி மூணு மேடம்,” என்றான் சாமுவேல். “இருவத்தி மூணாவது போர்ட்டு.”

வினோத் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

அந்தப் போர்ட்டில் ஒயரைச் சொருகியவன் வினோத்குமார்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, ராஜாராம் சார் காஞ்சிபுரம் போயிருந்தபோது, பஜாரில் ஒருவர் கேட்டார் என்று ஜன்னல் வழியாக ஒரு நீல ஒயரை இழுத்துக்கொண்டு போய், அவர் இடத்தில் இருந்த பழைய ரவுட்டர் டப்பா ஒன்றில் மாட்டிக் கொடுத்திருந்தான். சார் அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. சாமுவேல் லேபுக்குள் கிழிப்பான், நான் ஊருக்கே ஒயர் இழுப்பேன் என்ற வீராப்பு. டப்பாவில் விளக்கு எரிந்தது, படம் ஓடியது, வேலை முடிந்தது என்று மறந்தே போனான். அந்த டப்பா மூன்று வாரமாகப் பின்பக்கம் நின்று டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறது!

ஒயரின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பது உத்திரமேரூரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மணி ஒன்று இருபத்தைந்து. மூன்று மணிக்குப் பெயர் போய்விடும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வினோத்துக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை அது.

*

“கேபிள் டிவி ஒயரா இருக்கும்க்கா,” என்றான்.

“கேபிள் டிவிக்காரன் கறுப்பு ஒயர்தான்டா போடுவான். வா கீய.”

மேலே சாமுவேல் மிஷின் முன்னால் இருந்தான். அந்தப் போலி டப்பாவுக்கு விநாடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே இருப்பான், உயிரோடு இருந்தால் அது பதில் சொல்லும், பதில் நின்றால் ஜன்னலில் வந்து குரல் கொடுப்பான் என்று ஏற்பாடு. இதையும் யோசித்தவன் அவனேதான்.

ஜன்னலிலிருந்து இறங்கிய நீல ஒயர் தெருவோர மின்கம்பத்துக்குப் போனது. அந்தக் கம்பத்தில் உத்திரமேரூரின் ஒயர்கள் அத்தனையும் மாநாடு போட்டிருந்தன. மாநாடு கலைந்து வெளியே வரும்போது நீல ஒயர்கள் இரண்டு. ஒன்று இடப்பக்கம், இனிப்புக் கடை மாடிக்கு. இன்னொன்று வலப்பக்கம், ஒரு கல்யாண பேனருக்குப் பின்னால் மறைந்தது.

“லெப்ட்டு யக்கா,” என்றான் வினோத், துளியும் யோசிக்காமல்.

“எப்படிச் சொல்ற?”

“மூணு மாசமா ஒயரோட பழகறேன். அதோட நட தெரியும்.”

இளவரசி அவனை ஒரு முழு விநாடி பார்த்தாள். பிறகு இடப்பக்கம் நடந்தாள்.

இனிப்புக் கடையில் ஏணி வேண்டும் என்றார்கள். ஏணி பூக்கடையில் இருந்தது. பூக்கடைக்காரர் ஏணி மேல் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பும் பொறுப்பை வினோத் ஏற்றுக்கொண்டு, மிக மென்மையாக எழுப்பினான். அதில் பத்து நிமிடம் போனது. ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று ஒயரை முகர்ந்து பார்த்தான். அதில் இன்னொரு பத்து. கடைசியில் நீல ஒயர் ஒரு கண்காணிப்புக் கேமராவுக்குள் போய் முடிந்தது. கேமரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ச்சே,” என்றான் வினோத், தன்னால் முடிந்த அளவு ஏமாற்றத்துடன்.

அப்போது ஜன்னலிலிருந்து சாமுவேல் கத்தினான். “மேடம்! பதில் நின்னுபோச்சி! ரெண்டு அஞ்சு!”

இளவரசி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த காஞ்சிபுரம் பஸ் ஹார்ன் அடித்தது. நகரவில்லை.

“ஒரு மணிக்கு உசுரு வருது. ரெண்டு மணிக்குப் போவுது. கரண்ட்டு போவல, பாரு, ஜூஸ் மிஷின் ஓடுது. அப்போ எவனோ கையால சொருவறான், கையால புடுங்கறான். அந்த ஒரு மணி நேரம் பஜார்ல இன்னாடா நடக்குது?”

“சோறு துன்னுவாங்க. எல்லாரும்தான்க்கா. எத்தினி பேரப் புடிப்ப?”

“கட சாத்தறவன் வூட்டுக்குப் போயிருவான். இவன் கடையிலயே துன்றவன். துன்னும்போது மட்டும் டப்பாவுக்கு கரண்ட்டு குடுக்கறவன். ஏன், வேல செய்யும்போது குடுக்கக் கூடாதா?” மூக்கை லேசாகத் தூக்கினாள். “வேல செய்யும்போது அந்த பிளக்கு வேற எதுக்கோ வேணும்.”

காற்றில் ஒரு வாசனை வந்தது. ஈரத் துணி மேல் சூடான இரும்பு படும் வாசனை. கல்யாண பேனருக்குப் பின்னாலிருந்து வந்தது.

“தையல் கட,” என்றாள் இளவரசி.

“யக்கா, நான் போயி சாரைக் கூட்டியாந்துடறேன்,” என்று வினோத் ஓடினான். ஓடும் திசை எதுவானாலும் தையல் கடையாக இல்லாதவரை அவனுக்குச் சம்மதம்.

*

சடையப்பன் டெய்லர் கடை வாசலில் காக்கிப் பேன்ட்டுகள் வரிசையாகத் தொங்கும். வினோத் ராஜாராம் சாரை உள்ளே அனுப்பிவிட்டு, வரிசையில் ஒரு பேன்ட்டாகப் பின்னால் நின்றுகொண்டான். இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது.

கடையில் ஒரே ஒரு பிளக். அதில் இஸ்திரிப் பெட்டியின் ஒயர். பக்கத்தில் கறுப்பு அடாப்டர் ஒன்று அனாதையாகத் தொங்கியது. இளவரசி அதை ராஜாராம் சாரின் கையில் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க சார். இன்னும் சூடு ஆறல.”

சடையப்பன் ஒளித்து மறைக்கிற ஆள் இல்லை. “ஒரே பிளக்கு சார். அயன் பாக்ஸ் போட்டா நெட்டு இல்ல. நெட்டு போட்டா அயன் இல்ல. ஒரு மணிக்கு டிபன் பாக்ஸத் தொறந்தா ரெண்டு வரைக்கும் சீரியல். மாமியாருக்கு வெசம் வெக்கற எடத்துல நிக்குது சார் கத.”

ராஜாராம் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்று செவ்வாய்க்கிழமை, ஒரு பையனின் பெயர், எல்லாம் ஒரு மாமியாருக்காகப் போயிருக்கிறது என்று அவருக்கு மெதுவாக உறைத்தது. அடுத்த விநாடி குரல் ஏறியது. “எவன் போட்டது இது? என்னோட ஸ்விட்ச்ல, என்னக் கேக்காம?”

“உங்க கிளாஸ் பையன்தான் சார். மொத மார்க்கு பையனாச்சே, சாமுவேலு. தங்கமான புள்ள.”

பேன்ட்டுகளுக்கு நடுவே வினோத் கண்களை இறுக மூடினான்.

அன்று ஒயரை இழுத்து முடித்தபோது சடையப்பன் கேட்டிருந்தார்: ‘மாடியில சாமுவேலு சாமுவேலுன்னு பேசிக்கினு போறாங்களே, அந்த மொத மார்க்கு பையன் நீதானா தம்பி?’ வினோத் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். முதல் மார்க்காக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஐந்து நிமிடம் இருந்து பார்க்க ஆசை. சுகமாகத்தான் இருந்தது. ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

“போதும் மேடம்,” என்று ராஜாராம் சார் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். “ஒயரு போட்டவனும் அவன். அட்ரஸ் தப்பா வருதுன்னு அயுதவனும் அவன். ஊரையே இளிச்சவாயனாக்கப் பாத்திருக்கான். வினோத்குமார்னு அனுப்பிடறேன்.”

இளவரசி டப்பா பக்கம் குனிந்தாள். டப்பாவின் பின்பக்கத்து ஒயர் முனையை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளித்தோல் கிளிப்புக்குள் போகவில்லை. எட்டு இழைகள் பப்பரப்பே என்று வெளியே நின்றன. பிறகு அவள் பார்வை வாசலுக்கு வந்தது. பேன்ட் வரிசைக்குக் கீழே வந்தது. அங்கே இரண்டு கால்களுக்கு மட்டும் செருப்பு இருந்தது.

“அனுப்புங்க சார்,” என்றாள், தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக.

வினோத் நின்றான். நிற்பது ஒன்றுதான் அவன் செய்ய வேண்டியது. ஒரு நிமிடம் நின்றால் ஒரகடம், கம்பெனி பஸ், கழுத்தில் அடையாள அட்டை. மேலே ஜன்னலில் அந்த மடையன் செத்துப்போன டப்பாவை இன்னமும் விநாடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டிருப்பான். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லையே.

எது தன்னை வெளியே தள்ளியது என்று பிற்பாடு கூட அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தென்னேரியில் முழங்கால் சேற்றில் நிற்கும் ஓர் அம்மாவாக இருக்கலாம். அல்லது, விரல் நசுங்க தான் இழுத்த ஒரே ஒரு ஒயருக்கும் ‘தங்கமான புள்ள’ பட்டம் சாமுவேலுக்குப் போன கொடுமையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து பிடரியில் கை வைத்தன. பேன்ட்டுகளை விலக்கிக்கொண்டு அவன் கடைக்குள் வந்தான்.

சடையப்பனின் முகம் விரிந்தது.

“அட! வா சாமுவேலு!”

ராஜாராம் சாரின் கட்டைவிரல் போன் மேல் அந்தரத்தில் நின்றது. வினோத்தைப் பார்த்தார். சடையப்பனைப் பார்த்தார். மறுபடி வினோத்தைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் கீழே ஒரு காக்கிச் சட்டை கருகத் தொடங்கியதை யாரும் பார்க்கவில்லை.

“எம் பேரு வினோத்குமாரு சார்,” என்றான், தன் சாரிடமே. “இந்த ஒயர நான்தான் போட்டேன். அவனுக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. இவரு கேட்டாரு, நீதான் மொதல் மார்க்கான்னு. நான் தலைய ஆட்டிட்டேன்.”

“ஏன்டா?”

“அந்தக் கேள்விய அதுவரைக்கும் என்ன யாரும் கேட்டதில்ல சார். கேட்டா ஆட்றதுக்குத் தலைய தயாரா வெச்சிருந்தேன்.”

ராஜாராம் சார் சிரிக்கவில்லை. போனில் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வேறொரு பெயரை எழுதினார். அனுப்பினார். மணி இரண்டு ஐம்பது.

“நேர்மையானவன்னு சொன்னேன் உன்ன,” என்றார் மெல்ல. “இனிமே சுமார் மட்டும்தான்.”

இந்த முறை அந்த இன்னொரு வார்த்தையும் அவன் காதில் விழுந்தது.

“லெப்ட்டுன்னு கைய காட்டினப்பவே எனக்கு டவுட்டு,” என்றாள் இளவரசி, அவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில். “உனக்கு எதுவுமே அவ்ளோ சீக்கிரம் தெரியாது.”

“நான் உள்ள வரலேன்னா இன்னா பண்ணியிருப்ப?”

“சாமுவேல கீய கூட்டியாந்து நிறுத்தியிருப்பேன். அனுப்பின மெயில இவரே திருத்தி அனுப்பியிருப்பாரு. ரெண்டு நிமிச வேல.” அடாப்டரை மேஜை மேல் வைத்தாள். “நீ வர்றியான்னு பாக்க ஒரு நிமிசம் இருந்துச்சி. பாத்தேன்.”

அது பாராட்டா இல்லையா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ராஜாராம் சார் ஒயரைப் பிடுங்கி எறியப் போனார். “உங்க கிளாஸ் பசங்க பன்னெண்டு பேரு யூனிபாரமும் பாதி தச்சபடி கீது சார்,” என்று சடையப்பன் நினைவூட்டினார். சார் கையை எடுத்தார். “சரி. இருந்துட்டுப் போவுது. ஆனா ஒழுங்கா மாட்டணும். அவனக் கூப்புடுங்க.”

சாமுவேல் இறங்கி வந்தான். அவன் பெயர் கம்பெனிக்குப் போய்விட்டது என்று இளவரசி சொன்னதும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான். யார் போட்ட ஒயர் என்று தெரிந்ததும் வினோத்தைப் பார்த்தான். வினோத் ஓர் அறை வாங்கத் தயாராகக் கன்னத்தைக் கொஞ்சம் காட்டிக்கொண்டு நின்றான்.

சாமுவேல் குனிந்து டப்பாவின் பின்பக்கம் பார்த்தான். மஞ்சள் ஓட்டை நான்கு, நீல ஓட்டை ஒன்று. ஒயர் மஞ்சளில் இருந்தது.

“வெளிய இருந்து வர்ற ஒயரு நீலத்துலதான் போவணும்ணா. மஞ்சள்ல போட்டா இது உள்ள இருக்கறவங்களுக்குக் குடுக்கற டோக்கன வெளிய எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சிரும்.”

“மஞ்சள் நாலு இருந்துச்சி, நீலம் ஒண்ணுதான். மெஜாரிட்டி பக்கம் போனேன்.”

சாமுவேல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒயரை மஞ்சளிலிருந்து உருவி நீலத்தில் சொருகினான். ஒரே விநாடி. பிறகு ஜன்னல் பக்கம் அண்ணாந்து, ஒயர் வந்த வழியெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இவ்ளோ தூரத்துல எங்கயும் தொய்வு இல்ல. நல்லாதான் இயுத்திருக்கீங்கண்ணா.”

அறைந்திருக்கலாம். மன்னிப்பதிலும் முதல் மார்க் வாங்குகிறவனை ஒருவன் என்னதான் செய்வது?

சடையப்பன் இஸ்திரிப் பிளக்கைப் பிடுங்கி, அடாப்டரைச் சொருகி, போனைத் தட்டினார். மாமியார் தெளிவாக, துள்ளாமல் துடிக்காமல், பால் டம்ளரைக் கையில் எடுத்தாள். சடையப்பனுக்குக் கண் கலங்கியது.

“இத்தினி நாளா வந்து வந்து போச்சி. நீ கைய வெச்சதும் நின்னு பேசுதே! உம் பேரு இன்னா நைனா?”

“சாமுவேல்.”

சடையப்பன் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். “போன தபா வந்தவனும் இதே பேருதான். எப்படிப்பா நம்பறது?”

எல்லாரும் வினோத்தைப் பார்த்தார்கள்.

“இவன நம்பலாம்ணே,” என்றான் வினோத். “நெஜமாவே மொத மார்க்கு.”

மூன்று மாதத்தில் சாமுவேலைப் பற்றி அவன் வெளியே சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சொல்லும்போது சோற்றில் கல் கடிபட்டது போலத்தான் இருந்தது. துப்பாமல் விழுங்கினான்.